இரண்டு நாற்பதுக்கு நிலநடுக்கம்

தர்ஷினி இடது கையைத் தூக்கியிருந்தாள். இடது கை தூக்கியவர்களை நான் எழுப்பக் கூடாது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். இரண்டாவது மாடி, எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு. மத்தியானம் மணி இரண்டு முப்பத்திரண்டு. சில வருஷங்கள் ஆகிவிட்டன, தேதிகூட மறந்துபோய்விட்டது. நேரம் மட்டும் மறக்கவில்லை. அன்றைக்கு நான் பிள்ளைகளைப் பார்த்ததைவிடச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

மேசைமேல் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் ரவையைப் பரப்பி, காலித் தீப்பெட்டிகளை வீடு வீடாக நிறுத்தியிருந்தேன். தட்டின் விளிம்பை விரலால் சுண்டினால் வீடுகள் சரியும். நிலநடுக்கப் பாடத்துக்கு நான் செய்த கற்பித்தல் கருவி அதுதான். கடைசி பெஞ்சில், மடியில் மதிப்பெண் தாளோடு வெளித்தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது பி.எட். செய்முறைத் தேர்வு.

கை விஷயம் பி.எட். படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேர்வாளர் வரும் நாளில் கேள்வி கேட்டால் வகுப்பு மொத்தமும் கை தூக்கியாக வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. நாம் வலது கைகளாகப் பார்த்து எழுப்புவோம். பார்ப்பவர்கள் ஆகா, எவ்வளவு துடிப்பான வகுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். முந்தைய பேட்ச் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வித்தை இது. பாடத்தை ஒரு தடவையும் கையை இரண்டு தடவையும் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"நிலநடுக்கம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?" என்று கேட்டேன்.

எல்லாக் கைகளும் மேலே போயின. நான் ஒரு வலது கையை நோக்கி விரலை நீட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த இடது கை பொண்ண எழுப்புங்க டீச்சர்."

அவரும் ஒரு காலத்தில் பி.எட். படித்தவர்தானே. எனக்கு அது தோன்றவே இல்லை.

தர்ஷினி எழுந்தாள். எப்போதும் சரியாகப் பதில் சொல்கிற பெண். அவள் ஏன் இடது கையைத் தூக்கினாள் என்று யோசிப்பதற்குள் பேசிவிட்டாள்.

"முடியாதுன்னு நேத்து நீங்க சொன்னீங்க மிஸ். அப்பறம் ஏன் மித்ராவ மட்டும் இன்னிக்கு ஸ்கூலுக்கு வர வேணாம்னீங்க?"

மித்ரா என் மகள். தர்ஷினிக்குப் பக்கத்து இடம் அவளுடையது. அன்றைக்கு அந்த வகுப்பில் காலியாக இருந்த ஒரே இடம் அது.

இருபது வாக்கியங்கள்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் முப்பத்தெட்டு வயதில் பி.எட். சேர்ந்த கூத்து தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இவ்வளவு போதும்: எம்.எஸ்சி. இயற்பியல், அதற்குச் சம்பந்தமே இல்லாமல் பன்னிரண்டு வருஷம் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை, பிறகு அறிவியல் வாத்தியாராகியே தீருவேன் என்ற பிடிவாதம். பயிற்சிக்கு என்னைப் போட்டது என் மகள் படித்த பள்ளியில். வகுப்பும் அவள் வகுப்பாகவே அமைந்துவிட்டது. அங்கே அவள் என்னை 'மிஸ்' என்று கூப்பிட வேண்டும். இரண்டு நாள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தாள், மூன்றாம் நாள் பழகிவிட்டது.

கல்லூரி திறந்த புதிதில் எங்கள் விரிவுரையாளர் ஒரு தாளை நீட்டினார். நிலநடுக்கத்தைப் பற்றி இருபது வாக்கியங்கள், சரியா தவறா என்று குறிக்க வேண்டும். "புள்ளைங்களுக்கு சொல்லித் தரப் போறீங்க. மொதல்ல உங்க தலைக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம்" என்றார்.

தலைக்குள் இருந்ததைச் சொன்னால் மானம் போகும். நாங்கள் எல்லோரும் அறிவியல் பட்டதாரிகள், பாதிப் பேர் முதுகலை. பூமி வாயைப் பிளந்து வீடுகளை விழுங்கும் என்று நம்பினோம். காற்றே இல்லாமல் புழுங்கினால் நிலநடுக்கம் வரப்போகிறது என்று நம்பினோம். ஆடத் தொடங்கியதும் மாடியிலிருந்து இறங்கி ஓடுவதுதான் புத்திசாலித்தனம் என்று முக்கால்வாசிப் பேர் டிக் அடித்திருந்தோம். ஓடுகிறவர்கள்தான் படிக்கட்டிலும் வாசலிலும் அடிபடுகிறார்கள், இருக்கிற இடத்திலேயே குனிந்து, மேசைக்கு அடியில் போய், அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னபோது யாருக்கும் மனசு ஒப்பவில்லை.

என் தோழி ரேவதி வேதியியல்காரி. நாய்க்கு முன்கூட்டியே தெரியும் என்பதை அவள் விட்டுக்கொடுக்கவே இல்லை.

"எங்க வீட்டு நாய்க்கு எல்லாம் தெரியும் மேடம். முன்னாடியே கத்திரும்."

"உங்க வீட்டு நாய் இதுவரைக்கும் ஒரு நிலநடுக்கத்தையாவது பாத்துருக்காம்மா?"

வகுப்பு சிரித்தது, ரேவதி சிரிக்கவில்லை.

எந்தப் பகுதியில் ஆபத்து அதிகம் என்று சொல்லலாம், எந்த நாள் எந்த மணி என்று சொல்ல இன்று உலகத்தில் யாராலும் முடியாது என்று விரிவுரையாளர் விளக்கினார். நம் ஊர் பழைய, கெட்டியான பாறைமேல் இருக்கிறது, ஆபத்து குறைவு, ஆனால் குறைவு என்றால் அறவே இல்லை என்று பொருளில்லை என்றும் சொன்னார். அந்தத் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். 'முன்கூட்டியே கணிக்க முடியும்' என்ற வாக்கியத்துக்கு எதிரே 'தவறு' என்று எழுதி, போதாததற்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். அந்த அடிக்கோட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

வேட்டு!

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது உப்பிலியபுரம் பக்கம். பச்சைமலை அடிவாரம், தோண்டினால் பாறை. கிணறு வெட்டுகிறவர்கள் பாறைக்கு வெடி வைப்பார்கள். வைத்துவிட்டு ஒரு ஆள் வரப்புமேல் ஏறி நின்று "வேட்டு... வேட்டு..." என்று கத்துவான். ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு எல்லோரும் விலகுவார்கள். அம்மா எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். ஒரு கையால் எங்களைச் சேர்த்துப் பிடித்து, இன்னொரு கையை அலமாரியில் அடுக்கியிருக்கும் பித்தளைச் செம்புகள்மேல் வைத்துக்கொள்வாள்.

சத்தத்துக்கு முன்னால் ஒரு கணம் கால் பாதத்தில் அதிர்வு தெரியும். பிறகு 'டம்'. செம்புகள் அம்மாவின் கைக்கு அடியில் கிணுகிணுக்கும். கூரையிலிருந்து மண் உதிர்ந்து சோற்றில் விழும், அப்பா அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார்.

யாராவது கத்தினால் தரை ஆடும். கத்தியவன் ஒரு தடவையும் பொய் சொன்னதில்லை. என் உடம்பு அதை அப்படியே பாடம் பண்ணிவிட்டது. அதற்குமேல் எம்.எஸ்சி. வரைக்கும் படித்தும் அந்தப் பாடம் அழியவில்லை என்று எனக்கே தெரியாது.

நாற்பத்தேழு விநாடி

தேர்வுக்கு முதல் நாள், சாப்பாட்டு மணியில் எங்கள் பயிற்சி ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு ஆடியோ வந்தது. அனுப்பியது ரேவதி. நாற்பத்தேழு விநாடி. ஒரு ஆண் குரல், பதற்றமே இல்லாமல், செய்தி வாசிப்பது மாதிரி பேசியது. நாளை மதியம் சரியாக இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குத் திருச்சியில் பலத்த நிலநடுக்கம், உயரமான கட்டடங்களில் யாரும் இருக்க வேண்டாம்.

குழுவில் இருந்த அத்தனை பேரும் அந்த இருபது வாக்கியங்களை எழுதியவர்கள். ஒருவர்கூட 'இது பொய்' என்று போடவில்லை. இரண்டு பேர் கும்பிடும் கையைப் போட்டார்கள். ஒருத்தி 'எதுக்கும் கவனமா இருங்க' என்று எழுதினாள். நானும் ஒன்றும் எழுதவில்லை.

கடைசிப் பீரியட் ஒத்திகைக்குப் போனபோது எட்டாம் வகுப்பு 'பி'க்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. "மிஸ், நாளைக்கு நான் வரல மிஸ்", "எங்கப்பா லீவு போடச் சொல்லிட்டாங்க மிஸ்" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். என் கவலை நிலநடுக்கத்தைப் பற்றியது அல்ல. நாளைக்குக் காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று எப்படிப் பாடம் நடத்துவது?

அன்றைக்கு நான் பேசிய மாதிரி வாழ்க்கையில் பேசியதில்லை. நிமிஷக் கணக்கோடு சொல்கிறார்கள் என்றாலே அது புளுகு என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றேன். பலகையில் பாறைத் தட்டுகளை வரைந்தேன். சேர்ந்த அழுத்தம் எந்த நாள், எந்த நிமிஷம் விடுபடும் என்று கண்டுபிடிக்கும் கருவி உலகத்தில் எங்கேயும் இல்லை என்றேன். ஒருவேளை எப்போதாவது ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்று டெஸ்க்குக்கு அடியில் போகவும் பழக்கினேன்.

"அதனால நாளைக்கு யாரும் லீவு போடக் கூடாது. யாராவது பயமுறுத்தினா, எங்க மிஸ் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

முதல் பெஞ்சிலிருந்து தர்ஷினியும் மித்ராவும் சேர்ந்து தலையாட்டினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியைப் போட்டேன். பக்கத்துத் தட்டு ஸ்டாண்டில் கரண்டிகள் கிணுகிணுத்தன. அவ்வளவுதான். என் கை தானாகப் போய் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டது. மிக்சியை நிறுத்திவிட்டு அந்த ஆடியோவைத் திரும்பக் கேட்டேன். பிறகு இன்னொரு தடவை கேட்டேன். 'நாளை சாயங்காலம் வாக்கில்' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இரண்டு நாற்பது என்கிறான். கணக்குப் போடாமல் ஒருத்தன் நிமிஷம் சொல்வானா? மத்தியானம் நானே பிள்ளைகளிடம் சொன்ன வாதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறவர். வந்து கை கால் கழுவுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"ஏங்க, காலையில மித்ராவ திருவெள்ளறையில உங்க அண்ணன் வீட்டுல விட்டுட்டு வந்துருங்க."

"ஏன், ஸ்கூல் இல்லியா?"

"ஒரு நாள்தான. அங்க வயல்வெளியா இருக்கும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. பணிமனையிலும் அந்த ஆடியோ சுற்றியிருக்கிறது.

"நீ எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ்தான? இல்ல, நான் வேற யாரையாச்சும் கட்டிக்கிட்டனா? எங்க ஷாப்புல கிரேன்ல இருந்து வீல் செட்ட எறக்குனா தெனம் பூகம்பம்தான். நாங்க பாட்டுக்கு டீ குடிச்சிட்டு இருப்போம்."

"வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"அப்ப நீ?"

"எனக்கு எக்ஸாம்."

"மத்த புள்ளைங்க?"

நான் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காதில் விழாத மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

காலையில் அவர் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு மித்ராவை வண்டியில் ஏற்றினார். "நேத்து நீ சொன்னது?" என்று அவள் கேட்டாள். அது கிளாஸுக்கு, இது வேறு என்றேன். இரண்டரை மணிக்கு வயலுக்குப் போய், மரம், மோட்டார் ரூம் எதற்கும் பக்கத்தில் இல்லாமல் வெட்டவெளியில் உட்கார் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அதுவரை அவள் நம்பவில்லை. நான்தான் நம்ப வைத்தேன்.

கிளம்புவதற்கு முன் அவள் என் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யாருக்குப் பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

வகுப்பறையில்

மித்ரா தர்ஷினிக்குத்தான் பேசியிருக்கிறாள். 'நீயும் போகாத' என்று சொல்லியிருக்கிறாள்.

"எங்கம்மாவும் போக வேணாம்னாங்க மிஸ்," தர்ஷினி நின்றபடியே தொடர்ந்தாள். "யாராலயும் சொல்ல முடியாது, எங்க மிஸ் சொல்லிருக்காங்கன்னு சண்ட போட்டுட்டு வந்தேன். மித்ரா போன் பண்ணப்பறமும் வந்தேன்."

நாற்பத்தொரு முகங்களும் என்னைப் பார்த்தன. தேர்வாளர் பேனாவை மூடினார். கடிகாரத்தில் இரண்டு முப்பத்தாறு.

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. மித்ராவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். பாதிப் பேர் நம்பியிருப்பார்கள், தேர்வாளரும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். வாயைத் திறந்தபோது அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

"நான் பயந்துட்டேன் தர்ஷினி," என்றேன். "நான் சொன்னது சரிதான். யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நானே அத நம்பல."

"அப்ப நாங்க மிஸ்?"

அவள் கேட்டது அவ்வளவுதான். அவளை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தது. முப்பத்தெட்டு. மின்விசிறி கறகறவென்று சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முப்பத்தொன்பது. ஜாக்கெட் என் முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளங்கையில் இருந்த சாக்பீஸ் ஈரமாகிவிட்டது. பெரியவர், தேர்வாளராயிற்றே, ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். அவரும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

தட்டில் ரவை நகர்ந்தது. இரண்டு தீப்பெட்டி வீடுகள் சரிந்தன.

அடுத்த விநாடி நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நாற்பத்தொரு பிள்ளைகளும் கத்தாமல், ஓடாமல், நான் பழக்கிய மாதிரியே டெஸ்க்குக்கு அடியில் போனார்கள். தலையைத் தாழ்த்தி, ஒரு கையால் டெஸ்க் காலைப் பிடித்துக்கொண்டார்கள். தேர்வாளர் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்தபடி உறைந்திருந்தார். நான் கதவருகே இருந்தேன். மேசையிலிருந்து கதவுக்கு எப்போது போனேன் என்று தெரியவில்லை. ஒரு கால் வராந்தாவில் இருந்தது.

"மிஸ்."

முதல் டெஸ்க்கின் அடியிலிருந்து தர்ஷினி எட்டிப் பார்த்தாள்.

"ஓடக் கூடாது மிஸ். இங்க வாங்க, மித்ரா எடம் இருக்கு."

போனேன். பட்டுப்புடவை முந்தானையை வாரிச் சுருட்டிக்கொண்டு, மண்டி போட்டு, என் மகள் இடத்தில் தர்ஷினிக்குப் பக்கத்தில் குனிந்தேன். எங்கள் இரண்டு பேர் கைகளும் ஒரே டெஸ்க் காலைப் பிடித்திருந்தன. அவள் கை சில்லிட்டிருந்தது.

கீழே தெருவில் ஒரு ஜல்லி லாரி அடுத்த வேகத்தடையிலும் குதித்துவிட்டுப் போனது. ஜன்னல்கள் மறுபடி கிடுகிடுத்து அடங்கின.

யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. இரண்டு நாற்பத்திரண்டு ஆன பிறகுதான் ஒவ்வொருவராக வெளியே வந்தோம். சில பிள்ளைகள் சிரித்தார்கள், ஒருத்தி அழுதாள். தேர்வாளர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். மதிப்பெண் தாளில் அவர் எழுதிய குறிப்பைப் பின்னால் பார்த்தேன்: 'நேரத்தைக் கவனித்துப் பாடம் நடத்த வேண்டும்.' அவர் கேலியாக எழுதினாரா நிஜமாகவே எழுதினாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பாஸ் போட்டிருந்தார்.

மணி அடித்ததும் போனை எடுத்தேன். திருவெள்ளறையிலிருந்து பெரியம்மா போனில் மித்ரா பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். தேர்வுக்காக நான் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். வராந்தாவில் நின்று கூப்பிட்டதும் எடுத்துவிட்டாள். வெயிலில் நின்று தேம்பித் தேம்பித் தொண்டை கட்டியிருந்தது.

"அம்மா, ஸ்கூல் இருக்கா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அம்மா, சொல்லும்மா. ஸ்கூல் இருக்கா? தர்ஷினி இருக்காளா?"

தர்ஷினி தண்ணீர் பாட்டிலோடு என்னைக் கடந்து போனாள். போனை அவளிடம் நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்தாள்.

"இருக்கு," என்றாள். "நாங்க எல்லாரும் இருக்கோம். நீ அழாத. நாளைக்கு வா, பேசிக்கலாம்."

என் முகத்தைப் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.